கேட்காமல் கட்டிய பொட்டலம்

வாருங்கள் தோழர்களே, கருங்குழிக் கடைத்தெருவில் பட்டப்பகலில் நடக்கும் ஒரு குற்றத்தைக் கண்ணால் காணுங்கள். கத்தியும் ரத்தமும் தேடாதீர்கள். நூர்முகமது என்னும் நல்ல மனிதர் தம் மருந்துக் கடையில் அமர்ந்து பேதி மாத்திரைகளை எண்ணிப் பொட்டலமாக மடித்துப் பச்சை நூலால் கட்டுகிறார். யாருக்கு, எத்தனை நாளாக என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மலச்சிக்கலைப் பற்றி வாய் திறப்பது அசிங்கம் என்று ஊரே நினைக்கும்போது, கேட்காமல் கொடுப்பதுதான் கண்ணியம் என்று அவரும் நம்பினார். டப்பாவோடு வந்த அச்சுத்தாளில் எச்சரிக்கைகள் இருந்தன. அதை அவர் அலமாரித் தட்டில் விரித்து, மேலே தைலப் புட்டிகளை அடுக்கியிருந்தார்.

நான்கு மாதமாக வாரந்தோறும் அந்தப் பொட்டலத்தை வாங்கிப் போனவள் எல்லம்மாள். நாற்று நடுகிற வேலைக்காரி, நூர்முகமதின் வீட்டுக்கு மாவிடிக்கவும் வருகிறவள். பாவம், இவளுக்கு என்ன குடலோ என்று அவர் மனத்துக்குள் இரங்கியதுண்டு. அந்த இரக்கத்தில் ஒருமுறை இரண்டு மாத்திரை கூடுதலாகவே போட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு வீடு வந்தவர், அடுப்படியில் மனைவி அமீனா பீவி சுவரைப் பிடித்தபடி சரிவதைக் கண்டார். தாங்கிப் பிடித்தார். அவள் கெண்டைக்கால் கல்லாய் இறுகியிருந்தது, உதடு வறண்டிருந்தது. முந்தானை அவிழ்ந்து ஒரு பொட்டலம் தரையில் விழுந்தது. பச்சை நூல். அந்த முடிச்சைப் போட்டவை அவருடைய விரல்கள்; எல்லம்மாள் வாங்கிப் போனது இவளுக்காகத்தான்.

மாட்டுவண்டி பிடித்து மதுராந்தகத்து லேடி டாக்டரிடம் கொண்டுபோனார். டாக்டர் நாடி பார்த்தார், உப்புநீர் ஏற்றினார், பிறகு கேட்டார்.

"தினமும் எத்தனை மாத்திரைம்மா?"

"மொதல்ல ஒண்ணு. அப்புறம் அது கேக்கல. இப்ப மூணு."

"இது எப்பவாவது ஒண்ணு ரெண்டு நாள் கஷ்டத்துக்குப் போடறது. ஒரு வாரத்துக்கு மேல தேவைப்பட்டா டாக்டர்கிட்ட வரணும். சொன்ன அளவுக்கு மேல போகக் கூடாது. வயித்து வலியோ வாந்தியோ இருந்தா தொடவே கூடாது. தினமும் தின்னா உடம்பிலேருந்து நீரும் உப்பும் போயிடும், இப்படித்தான் விழுவீங்க. இத்தனை நாளா ஒண்ணுமே கேக்காம கொடுத்தவன் எந்தக் கடைக்காரன்?"

"நான்தான்மா," என்றார் நூர்முகமது.

டாக்டர் அவரை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வைக்கு மேல் தண்டனை வேண்டியிருக்கவில்லை.

திரும்பும் வண்டியில் அவர் மெல்லக் கேட்டார். "பதினோரு வருசமா ஒரே தட்டுல சோறு துன்றோம். என்கிட்ட இன்னா வெக்கம், அமீனா?"

"தட்டு வேறங்க, இது வேற."

"எதனால இப்பிடி ஆச்சு?"

"பகல்ல நான் எங்க போறது? வூட்டுக்குப் பின்னால சாலை. லாரியும் பஸ்ஸும் போய்கினே கீது. பொழுது சாயற வரைக்கும் அடக்கிக்கினு கெடக்கேன். தண்ணி குடிச்சா இன்னும் பேஜாரு, அதனால குடிக்கறதில்ல. நீங்க சொம்பை எடுத்துக்கினு விடியக்காலைல ஏரிக்கரைக்கு ராஜா மாதிரி போறீங்க."

அவர் அவள் கையைத் தம் கைக்குள் எடுத்து வைத்துக்கொண்டார்.

மறுநாள் கொல்லையில் கழிப்பறைக்குக் குழி வெட்டத் தொடங்கினார். எல்லம்மாளின் கணவன் மோசஸ் கூலிக்கு வந்தான். கூடவே வந்த எல்லம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"வெட்டறதுக்குக் கூலி குடு பாய், வாங்கிக்கறோம். குழி ரொம்புச்சுன்னு வாரிக் கொட்றதுக்கு நாளைக்கு எங்க ஜனத்தைத் தேடி வரக் கூடாது. ஆழமா வெட்டச் சொல்லு."

"வெட்டறேன், எல்லம்மா. நீ ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"நீ கேட்டியா?"

நான்கு பக்கமும் தட்டி கட்டி உள்ளே தாழ்ப்பாள் போட்ட கதவு வைத்தார். டாக்டர் சொன்னபடி கீரையும் கொய்யாப் பழமும் வீட்டுக்கு வந்தன. குடல் ஒரே நாளில் பழக்கத்துக்குத் திரும்பவில்லை. மாதம் ஒன்று ஆயிற்று. அமீனா நண்பகலில் அச்சமின்றி இரண்டாவது குவளைத் தண்ணீர் குடித்ததைப் பார்த்தபோது நூர்முகமதுக்குக் கண் கலங்கியது.

"தண்ணி குடிக்கறதை யாராவது இப்பிடிப் பாப்பாங்களா? கடைக்குப் போங்க," என்று அவள் விரட்டினாள்.

கடையில் இப்போது கேள்வி உண்டு. எத்தனை நாளாக? வலி இருக்கிறதா? வயிற்றில் பிள்ளையா? பேதி மாத்திரை வாங்க வந்த மரக்கடை ஜானகிராமன் சிடுசிடுத்தார்.

"இது இன்னா பாய், மருந்துக் கடையா, போலீஸ் ஸ்டேஷனா?"

"போலீஸ்கிட்ட பொய் சொல்லலாம் அண்ணாத்த, குடல்கிட்ட சொல்ல முடியாது. எத்தினி நாளா?"

ஜானகிராமன் பின்னால் நின்ற கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் பதில் சொன்னார்.

தோழர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பெண் இருட்டுவதற்காகக் காத்திருக்கிறாள். இன்று மாலை பொழுது சாயுமுன் அவளிடம் போய்ப் பேசுங்கள். பேசி முடித்ததும் கடப்பாரையை எடுத்துக் கொல்லைக்குப் போங்கள்!