வரிசை மாறி வந்த கிருபை

எங்கள் நியூ இங்கிலாந்தில் காட்டை வெட்டி முடிக்கும் முன்பே கல்லூரியைக் கட்டிவிட்டார்கள். எல்லாம் போதகர்களை உண்டாக்கத்தான். விடியலில் எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் ரொட்டியும் பியரும். நாலு வருஷம் இப்படித் தொண்டை கிழியப் படித்தாலும் முடிந்துவிடாது. சபை முன்னால் எழுந்து, தனக்குள் தேவ கிருபை எப்படி வந்தது என்று சாட்சி சொல்ல வேண்டும். அதற்கொரு வரிசை உண்டு. முதலில் நரக பயம், பிறகு அழுகை, கடைசியில் வெளிச்சம். வரிசை மாறினால் பிசாசின் வேலை என்பார்கள்.

என் அறைத்தோழன் யாபேஸ் தோர்னுக்கு வரிசை மாறித்தான் வந்தது.

ஒரு விடியலில் ஆற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போனவன் வெறும் வாளியோடு திரும்பினான். பனிமூட்டத்தில் எதிர்க்கரை தெரியவில்லையாம். ஆறு, கரை, தன் கை எல்லாம் ஒரே வெள்ளையாம். எங்கேயோ ஒரு பசு மூச்சு விட்டதாம். அந்த வெள்ளைக்குள் யாரோ தனக்காகவே காத்திருந்ததுபோல் இருந்ததாம்.

"அவ்வளவுதானா?" என்றேன்.

"அவ்வளவுதான், ஆசாப். அப்பிடி ஒரு சந்தோஷம்டா."

"பயம்?"

"வரலயே."

"கொஞ்சம் சேத்துக்கயேன், கஞ்சிக்கு உப்பு போடற மாதிரி. மேலாத்து ஊர்ல உனக்காக பிரசங்க பீடம் காலியா நிக்குது. ஞாயித்துக்கெழமை சபை மூப்பருங்க தலையாட்டுனாத்தான் அது உனக்கு."

"வராதத வந்துச்சுன்னு எப்பிடிடா சொல்றது? அதுவும் சபையில?"

எனக்கு எரிச்சலாக இருந்தது. பயத்தை என்னிடம் கேட்டிருக்கலாம், மூட்டை மூட்டையாக வைத்திருந்தேன். இடி இடித்தாலே என் பாவமெல்லாம் ஞாபகத்துக்கு வரும். வெளிச்சம்தான் வந்தபாடில்லை. அடுத்த வாரம் சாட்சி சொல்லும் முறை எனக்கு.

ஞாயிறன்று கதவிடுக்கு வழியே பனிமூட்டமும் சபைக்குள் வந்திருந்தது. யாபேஸ் எழுந்தான். ஆற்றைச் சொன்னான், வெள்ளையைச் சொன்னான், பசுவைக்கூட விடவில்லை. பின்பெஞ்சில் ஒருத்தன் கிளுக்கென்று சிரித்தான். சொல்லச் சொல்ல யாபேஸின் குரல் தணிந்துகொண்டே போனது. எனக்குப் பெஞ்சும் சுவரும் கரைந்து, நானும் அந்தக் கரையில் நிற்பதாக ஒரு மயக்கம்.

மூப்பர் ஒபதியா கிரேன் தொண்டையைச் செருமினார். "அதெல்லாம் சரி தம்பி. அதுக்கு முன்னாடி நீ பயந்தியா?"

"இல்லீங்க ஐயா."

"நரகத்த நெனச்சுக்கூடவா?"

"அப்ப அந்த நெனப்பே வரலீங்க. இப்பத்தான் பயமாருக்கு."

"எதுக்கு?"

"பீடத்துக்கு ஆசப்பட்டு பொய் சொல்லிருவேனோன்னு."

மூப்பர்கள் தலைகளைச் சேர்த்து முணுமுணுத்தார்கள். பிறகு கிரேன், கோபமே இல்லாமல், "பயம் வந்தப்புறம் வா, தம்பி" என்றார்.

இப்போது பயமாக இருக்கிறது என்று அவன் தன் வாயாலேயே சொன்னானே. அவர்கள் காதை எங்கே வைத்திருந்தார்களோ! மேலாற்று ஊர்ப் பீடம் வேறொருவனுக்குப் போயிற்று.

மறுநாள் விடியலில் யாபேஸ் ஊருக்குக் கிளம்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். முகத்தில் வருத்தம் இருந்தது; ஆனாலும் அந்தச் சந்தோஷம் போகவில்லை. வெளியே அதே பனிமூட்டம். ஜெப மணி இன்னும் அடிக்கவில்லை. நான் வாளியை எடுத்தேன்.

"தண்ணிதான் நெறைய இருக்கே?" என்றான்.

"தெரியும். நீ எந்த எடத்துலடா நின்ன? வந்து காட்டு."