அப்பாகிட்ட சொல்லு

நான் ஏன் குடும்ப ஆலோசகரானேன் என்று யாராவது கேட்டால், மனிதர்கள் மேல் உள்ள அன்பினால் என்று சொல்ல வேண்டும். எங்கள் கிளினிக் முதலாளியின் உத்தரவு. வரவேற்பறைச் சுவரில் என் போட்டோவுக்குக் கீழே அப்படித்தான் எழுதி மாட்டியிருக்கிறார். அன்பாவது மண்ணாங்கட்டியாவது! நான் அருவருப்பில் இந்த வேலைக்கு வந்தவள்.

என் அப்பாவும் அம்மாவும் ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டே வருஷக்கணக்கில் பேசாமல் இருந்தார்கள். நடுவில் நான். "உப்பு இல்லைன்னு உங்கம்மாகிட்ட சொல்லு." "வேணும்னா போட்டுக்கச் சொல்லு." கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற மனுஷிக்கு என் வழியாகச் சேதி போகும். நானும் லேசுப்பட்டவள் இல்லை. ஒரு எழுத்து மாறாமல், சொன்னவர் பல்லைக் கடித்தால் நானும் கடித்து, அப்படியே ஒப்பிப்பேன். என் அத்தை என்னைத் 'தந்தி' என்று கூப்பிடுவாள். மொத்தக் குடும்பமும் சிரிக்கும். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் குமட்டுகிறது.

அதனால் என் அறையில் ஒரே ஒரு சட்டம். யாரும் யார் வழியாகவும் பேசக் கூடாது. நாற்காலிகளை எதிரெதிரே போட்டு, மூஞ்சியைப் பார்த்துப் பேச வைப்பேன். கத்தினால் கத்தட்டும், அழுதால் அழட்டும். பெரும்பாலும் பலித்திருக்கிறது.

போன வாரம் ஒரு பல் டாக்டரும், பேங்க் அதிகாரியான அவர் மனைவியும் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நாலாம் வகுப்புப் படிக்கிறாள். சாப்பிட்டதெல்லாம் வாந்தி. ஸ்கேனில் ஒன்றுமில்லை, ரத்தத்தில் ஒன்றுமில்லை. இன்னும் எடை குறைந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்து, மூக்கில் குழாய் போட்டுத்தான் சாப்பாடு என்று குழந்தைகள் டாக்டர் கையை விரித்துவிட்டு என்னிடம் அனுப்பியிருந்தார். உள்ளே வந்ததும் அவள் யாரும் சொல்லாமலே நடு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"பாப்பா, எப்பலேர்ந்து வாந்தின்னு அப்பாவைச் சொல்லச் சொல்லு" என்றாள் அம்மா.

"உங்கம்மாவுக்குத் தெரியாதாமா? கேளு" என்றார் அப்பா.

அவள் வாயைத் திறப்பதற்குள் ஓங்கரித்தது. அம்மா பேச்சை நிறுத்தாமல், திரும்பிக்கூடப் பார்க்காமல், கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து நீட்டினாள். அப்பா தன் ஷூவை நகர்த்திக்கொண்டார். அவ்வளவுதான் அவர் செய்தது. பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூ. எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"போதும்" என்றேன். "இங்க தபால் கிடையாது. பாப்பா, நீ என் பக்கத்துல வந்து உக்காரு. நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துப் பேசுங்க."

ஏதோ அசிங்கமானதைத் தொடச் சொன்ன மாதிரி இரண்டு பேரும் முகத்தைச் சுளித்தார்கள். நான் விடவில்லை. கடைசியில் அம்மாதான் தொண்டையைச் செருமினாள்.

"எங்கம்மா செத்தப்ப, நீங்க ராத்திரியெல்லாம் தூங்கலன்னு பாப்பாகிட்ட சொல்லி அனுப்பினீங்க. எங்கம்மா உங்களையும் பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கிட்டாங்கன்னு சொன்னீங்க. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் இன்னும் அந்த வீட்ல இருக்கேன்."

பல் டாக்டர் விழித்தார். "நானா? நான் எங்க அப்படிச் சொன்னேன்? ஒரு தொல்லை விட்டுச்சுன்னு சொன்னேன்."

என் பக்கத்து நாற்காலியில் இருந்தவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப என் சமையல் நல்லா இருக்குன்னு தினமும் சொன்னது?"

"வாயில வைக்க முடியலன்னுதான் தினமும் சொன்னேன். நீ என் பிறந்தநாளுக்கு வாழ்த்து சொல்லிவிட்டியே, அது?"

"நான் எதுக்குச் சொல்லப் போறேன்! உங்க மூஞ்சியப் பாத்தாலே பத்திக்கிட்டு வருது!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷமும் இந்தப் பொடிசு, வந்த விஷத்தையெல்லாம் தான் விழுங்கிக்கொண்டு, நல்ல வார்த்தையாகப் பூசி மெழுகி அந்தப் பக்கம் கொடுத்திருக்கிறாள். ஒரு குழந்தைக்கு அப்படிச் செய்யத் தோன்றும் என்பதே என் புத்திக்கு எட்டவில்லை. நான் ஒப்பித்த ரகம் அல்லவா!

இனி இரண்டு பேரும் வெட்கித் தலைகுனிவார்கள், பெண்ணைக் கட்டிக்கொண்டு அழுவார்கள் என்று பார்த்தேன். இத்தனை வருஷ அனுபவம் இருந்து என்ன பிரயோஜனம்? அவர்கள் ஒரே நேரத்தில் பெண் பக்கம் திரும்பினார்கள்.

"பொய்யா சொன்னே? இத்தனை நாளும் பொய்யா?" என்றாள் அம்மா.

"திருட்டுக் கழுதை! ரெண்டு பேரையும் முட்டாளாக்கியிருக்கு பாரு" என்றார் அப்பா.

"சின்னதுலேர்ந்தே இவ இப்படித்தாங்க. ஸ்கூல்லகூட ஒரு தடவை..."

"நீ சொல்றது சரி. நாமதான் செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டோம்."

நாம! அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. பல் டாக்டர் முகம் மலர்ந்து என்னைப் பார்த்தார். "பரவாயில்ல மேடம், உங்க ட்ரீட்மென்ட் நல்லாவே வேலை செய்யுது."

"நீங்க ரெண்டு பேரும் வெளிய போய் உக்காருங்க" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. போனார்கள். போகும்போது அவர் மனைவிக்குக் கதவைப் பிடித்துக்கொண்டார். பெரிய மனுஷன்!

கதவு மூடியதும் நான் பெண்ணின் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். "நீ ஒரு தப்பும் பண்ணல கண்ணு. இனிமே நீ யார்கிட்டயும் எதையும் கொண்டு போக வேணாம். அது உன் வேலையே இல்ல."

அவள் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே இரண்டு குரல்களும் மாறி மாறிக் கேட்டன. ஒருவர் முடிக்க மற்றவர் தொடர்ந்தார். நடுவில் அம்மா 'ஆமாங்க' என்றது தெளிவாகக் கேட்டது.

"ஆன்ட்டி, அவங்க பேசறாங்க" என்றாள். வந்ததிலிருந்து இப்போதுதான் அவள் முகத்தில் உயிர் வந்திருந்தது.

"உன்னைத் திட்டறாங்க, கண்ணு."

"தெரியும். ஆனா அவங்களே பேசிக்கறாங்க." கொஞ்சம் யோசித்தாள். பிறகு, பள்ளியில் புதுக் கணக்கு புரிந்துபோன பிள்ளையின் முகத்தோடு கேட்டாள்: "தினமும் நான் ஏதாவது தப்பு பண்ணினா போதும்ல?"

பாவிகளா! பெற்றவர்களா நீங்கள்? நான் எழுந்து கதவுப் பக்கம் போனேன். அவள் ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். அந்தக் கையில் எலும்பைத் தவிர ஒன்றுமில்லை.

"திறக்காதீங்க ஆன்ட்டி, ப்ளீஸ். நீங்க போனா நிறுத்திடுவாங்க."

"நிறுத்தட்டும்" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தேன்.