மேனேஜரின் அரிப்பு

நாயின் பெயர் மேனேஜர். ஒரு வேலையும் செய்யாமல், மற்றவர்கள் செய்வதை மூலையில் உட்கார்ந்து முறைத்துப் பார்க்கும் என்பதால் மகள் வைத்த பெயர். அது பின்னங்காலைத் தூக்கி வயிற்றைச் சொறிய ஆரம்பித்ததிலிருந்து அந்த வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை.

வீட்டுக்காரி தையல் வேலை செய்பவள். முன்னறையில்தான் மிஷின். கோட்டுக் கையைச் சுருக்குவது, பேண்ட்டை மடித்துத் தைப்பது, ஜிப் மாற்றுவது என்று நாள் முழுக்க ஊரார் துணி கம்பியில் தொங்கும். புருஷன் பஸ் ஓட்டுகிறவர். மகள் கல்லூரியில் படிக்கிறாள். மீதி நேரத்தில் போனைப் படிக்கிறாள்.

"நாய்க்கு அலர்ஜிம்மா. கோழிதான் காரணம்," என்றாள் மகள், போனிலிருந்து தலையைத் தூக்காமலே.

"அரிசிதான் காரணம்னு நேத்து சொன்னியே?"

"அது வேற ஆளு சொன்னது."

கோழி நின்றது. தானியமே இல்லாத தீனி வந்தது. அது வந்தும் சொறி நிற்கவில்லை என்று ஆட்டுக்கறி டப்பா வந்தது. அப்புறம் மீன் தீனி. மூட்டையைப் பிரித்ததுமே வீடு துறைமுகம் மாதிரி நாறியது. நாய் அதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தின்றது. ஆனால் அந்த நாற்றத்தில் தைத்தால் வாடிக்கையாளர் ஒருத்தரும் வரமாட்டார் என்று தையல்காரி தலையில் அடித்துக்கொள்ள, அதுவும் நின்றது. கடைசியாக வேகவைத்த பூசணியும் முட்டையும். மேனேஜர் தட்டை மோந்து பார்க்கும், கையெழுத்துப் போட மனசில்லாத அதிகாரி மாதிரி ஒரு பார்வை பார்க்கும், நகர்ந்துவிடும். பிறகு புருஷன் கட்டிவைத்த சாப்பாட்டுப் பையில் வாயை வைக்கும்.

"இந்த நாய்க்கு ஆக்கிப் போடறதுல பாதி எனக்கு ஆக்கிப் போட்டிருந்தா நான் தேறியிருப்பேன்," என்பார் அவர், முழங்கையைச் சொறிந்துகொண்டே.

ஆமாம், அவருக்கும் அரிப்பு. கை, கழுத்து, இடுப்பு என்று வரிசை வரிசையாகச் சிவந்த தடிப்பு. நாயிடமிருந்துதான் ஒட்டியது என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

"இதை எங்க அண்ணன் வீட்டுக்கு அனுப்பிடலாம். அவருக்குத் தோட்டம் இருக்கு."

"அப்பாவை அனுப்பலாம்மா. அவருக்கும் தோட்டம் பிடிக்கும்," என்றாள் மகள்.

இரண்டு பேரும் நடுவில் தையல்காரியை நிறுத்திவைத்துச் சண்டை போட்டார்கள். வாயில் குண்டூசியைக் கவ்வியிருந்ததால் அவள் பதில் பேசவில்லை. பேசியிருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பாள்.

கடைசியில் அவளே நாயை இழுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனாள். நாயை அண்ணன் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி டாக்டர் வாயாலேயே வரவைப்பதற்காகப் புருஷனும் கூட வந்தார். டாக்டர் சின்ன வயசுப் பெண். நாயை மல்லாக்கப் புரட்டி, முடி இல்லாத அடிவயிற்றை விளக்கடியில் பார்த்தாள்.

"என்ன சாப்பாடு குடுக்குறீங்க?"

தையல்காரி சொன்னாள். சொல்லச் சொல்ல டாக்டர் முகம் மாறியது.

"ஒரே மாசத்துல இத்தனையுமா? அலர்ஜியா இல்லையான்னு பாக்கணும்னா ஒரு சாப்பாட்டை ஏழெட்டு வாரமாவது மாத்தாம குடுக்கணும்மா. இப்ப இதுக்கு வயிறுதான் கெட்டுப் போயிருக்கு. இந்த அரிப்பு சாப்பாட்டால வந்த மாதிரியே தெரியலை. ஏதோ கடிச்சிருக்கு. தெள்ளுப்பூச்சியும் காணோம்." நிமிர்ந்தவள் புருஷன் கழுத்தைப் பார்த்தாள். "சார், உங்களுக்கும் அரிக்குதா?"

"இதுகிட்டேருந்துதான்..."

"வீட்டுக்குப் போய் மெத்தை, சோபா எல்லாத்தையும் பிரிச்சுப் பாருங்க. மூட்டைப்பூச்சியா இருக்கும்."

நாயைப் பற்றியோ புருஷனைப் பற்றியோ தையல்காரி நினைக்கவில்லை. கம்பியில் தொங்கும் ஊரார் துணிதான் கண்முன் வந்து நின்றது.

வீட்டுக்கு வந்ததும் மெத்தையைப் புரட்டினாள். ஓரத் தையலில் ஒன்றிரண்டு கரும்புள்ளிகள்தான் இருந்தன. மகள் கட்டிலில் எதுவும் இல்லை. பிறகு அவள் கண் முன்னறைக்குப் போனது. அங்கே புருஷனின் சாய்வு நாற்காலி இருந்தது. கூட வேலை பார்க்கும் டிரைவர் வீடு காலி செய்தபோது சும்மா கொடுத்தது. பக்கத்துப் பிடியை இழுத்தால் கால்மாட்டுப் பலகை தானாக எழும்பும். வேலை முடிந்து வந்தால் புருஷன் அதில்தான் கிடப்பார்; அவர் காலடியில் மேனேஜர் கிடக்கும்.

"அதுல போய் என்ன தேடறே? அவன் வீட்டைப் பாத்திருக்கியா? கண்ணாடி மாதிரி வச்சிருப்பான்."

அவள் தையல் பிரிக்கும் ஊசியை எடுத்து இருக்கையின் ஓரத்தைப் பிரித்தாள். நீராவி இஸ்திரிப்பெட்டியைக் கொண்டுவந்து மடிப்புக்குள் ஆவியைப் பாய்ச்சினாள். எங்கிருந்துதான் வந்தனவோ, பழுப்புப் பழுப்பாக, மைசூர்ப் பருப்புக்குக் கால் முளைத்த மாதிரி, ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டு வெளியே வந்தன. மகள் வீறிட்டாள். புருஷன் சட்டையைக் கழற்றி வாசலுக்கு வெளியே எறிந்தார்.

அதோடு சும்மா இருந்திருக்கலாம். நேரே கடைக்குப் போய்ப் பூச்சி மருந்து டப்பாவை வாங்கிவந்து மூலை முடுக்கெல்லாம் அடித்துத் தீர்த்தார். மறுநாள் வந்த மருந்தடிக்கிறவர் மூக்கைச் சுளித்தார்.

"யாரு ஸ்ப்ரே அடிச்சது?"

மேனேஜர் புருஷனைப் பார்த்தது.

"ஒரு இடத்துல கிடந்ததை வீடு பூரா ஓடவிட்டிருக்கீங்க சார். துணி எல்லாத்தையும் கொதிக்கற தண்ணியில போடுங்க, இல்லாட்டி நல்லா சூடு காட்டி பையில கட்டுங்க. நான் இன்னும் ஒரு தடவை வரணும், ரெண்டு தடவைகூட வரவேண்டியிருக்கும். மருந்து காயற வரைக்கும் நாயை உள்ள விடாதீங்க. அதோட தட்டைக் கழுவி வெளியில வைங்க."

நாற்காலியை வெளியே தூக்கிப் போட்டதுமே நடைபாதையில் போன இளம் ஜோடி ஒன்று நின்றது. பையன் பிடியை இழுத்துப் பார்த்தான். பலகை எழும்பியது.

"அக்கா, இது வேண்டாமா? நல்லாத்தானே இருக்கு? நாங்க எடுத்துக்கட்டுமா?"

"தொடாதே!" என்று அவள் போட்ட சத்தத்தில் பையன் நடைபாதையிலிருந்து இறங்கிவிட்டான். அவள் சமையலறைக்கு ஓடிப்போய்க் கத்தியை எடுத்துவந்து இருக்கையைக் குறுக்கும் நெடுக்குமாகக் கிழித்தாள். சாயும் முதுகையும் விடவில்லை. ஜோடி போன பிறகும் கிழித்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று பார்த்த புருஷன், "போதும்மா, செத்துடுச்சு," என்றார்.

அதெல்லாம்கூடப் பரவாயில்லை. வாடிக்கையாளர்களுக்குப் போன் செய்ததுதான் கொடுமை. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று அவளுக்கும் தோன்றத்தான் செய்தது. ஆனால் தெரிந்தே ஒருத்தர் அலமாரிக்குள் பூச்சியை அனுப்ப மனசு வரவில்லை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள்.

ஒரு வாத்தியார், "அதெல்லாம் இருக்கட்டும், என் பேண்ட்டு எப்பக் கிடைக்கும்?" என்றார். இன்னொரு அம்மா, "ஐயையோ, எரிச்சுடுங்க, எனக்கு வேண்டாம்," என்று வைத்துவிட்டாள். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் இருக்கும் பெண்தான் பிடித்துக்கொண்டாள். அவள் கோட்டை ஏற்கெனவே வாங்கிப் போயிருந்தாள்.

"இப்ப வந்து சொல்றீங்களா? வீட்டுல கைக்குழந்தை இருக்கு. தொழில் பண்றவங்க சுத்தமா இருக்க வேண்டாமா?"

தையல்காரி போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள். புருஷன் எழுந்து வந்து போனை வாங்கிக்கொண்டார்.

"அம்மா, நான் அவங்க வீட்டுக்காரர் பேசறேன். சும்மா கிடைக்குதேன்னு நாற்காலியைத் தூக்கிட்டு வந்தது நான்தான். அவங்க அன்னிக்கே வேண்டாம்னாங்க. திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க. மருந்தடிக்கிறவரை உங்க வீட்டுக்கும் அனுப்பறேன், செலவு என்னுது."

அந்தப் பெண் திட்டினாள். அவர் "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று கேட்டுக்கொண்டே நின்றார். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து தினமும் ஊர்ப்பட்ட பேச்சு வாங்கிப் பழகிய மனுஷன். போனை வைத்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அடுத்தது யாரு?" என்றார்.

நல்லவேளை, அந்தப் பெண் வீட்டில் பூச்சி இல்லை. ஆனால் அவள் அப்புறம் துணி கொண்டுவரவே இல்லை.

மருந்தடிக்கிறவர் மூன்றாவது தடவை வந்து ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகுதான் மிஷின் மறுபடி ஓடியது. புருஷனின் தடிப்புகள் மறைந்தன. மேனேஜரும் சொறிவதை நிறுத்தியது. மகள் வெற்றி வீராங்கனை மாதிரி பழைய கோழித் தீனியைத் தட்டில் கொட்டினாள்.

நாய் மோந்து பார்த்தது. நகர்ந்தது.

"என்னடா, இத்தனை வருஷமா இதைத்தானே தின்னே?"

ஆட்டுக்கறி டப்பாவைத் திறந்தாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முழுசாக ஒரு நாள் பட்டினி கிடந்துவிட்டு, மீன் தீனி மூட்டை கட்டிவைத்திருந்த அலமாரி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. டாக்டரைக் கேட்டால், வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதென்றால் அதையே கொடுங்கள், இனிமேல் தயவுசெய்து எதையும் மாற்றாதீர்கள் என்றுவிட்டாள்.

தையல்காரி மூட்டையைப் பிரித்தாள். புருஷன் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்துகொண்டே போனார்.

"எங்க அண்ணனுக்குத் தோட்டம் இருக்கு," என்றார்.

"நீங்க வேணா போங்க," என்று சொல்லிவிட்டு அவள் தட்டைக் கீழே வைத்தாள்.