வெள்ளித் தொட்டியில் விழுந்த அமிலம்

அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசிப் பல நாளாயிற்று. பட்டறையின் புதுப் பலகையில் யார் பெயர் முதலில் என்கிற உலகமகா பிரச்சினை. வெள்ளி முலாம் பூசுகிற அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. தொட்டியில் எதை ஊற்றினாலும் "ஊத்தறேன்" என்று கத்த வேண்டும். மற்றவன் பார்த்துவிட்டு "ஊத்து" என்ற பிறகே வாளி சாய வேண்டும். வீம்பு பிடித்த இரண்டு பேரும் அதையும் விட்டுத் தொலைத்தார்கள்.

அன்று காலை அண்ணன் அமில வாளியைத் தண்ணீர் வாளியின் இடத்தில் வைத்தான். வாய் திறந்து சொல்லவில்லை. தம்பி அதைத் தண்ணீர் என்று நினைத்துத் தூக்கி, கரைசல் குறைந்திருந்த வெள்ளித் தொட்டியில் சாய்த்தான். அவனும் கேட்கவில்லை. தொட்டியில் இருந்தது வெள்ளி கலந்த சயனைடு கரைசல். அமிலம் பட்டதும் நச்சுக்காற்று கிளம்பித் தம்பி சுருண்டு விழுந்தான். அண்ணன் மூச்சை அடக்கிக்கொண்டு அவனை வெளியே இழுத்துப் போட்டான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் தம்பியின் விரலில் கிளிப்பை மாட்டிப் பார்த்தார். "ஆக்சிஜன் நல்லாத்தான இருக்கு? முகம்கூடச் செவசெவன்னு இருக்கே!" தம்பிக்கோ வலிப்பு வெட்டி இழுத்தது.

டாக்டரம்மா ஓடி வந்தார். "என்னத்தை சுவாசிச்சார்?"

சொன்னால் பட்டறைக்குப் பூட்டு. வாளியை வைத்தது யார் என்ற கேள்வியும் வரும். உயிர் போகிற நேரத்தில் மனுஷப் புத்தி போகிற போக்கைப் பாருங்கள்! அண்ணன் வாய் திறந்தான்.

"சயனைடும்மா. வாளியை மாத்தி வச்ச பாவி நான்தான்."

"அப்போ ஆக்சிஜன் இருந்தும் பிரயோஜனமில்ல." டாக்டரம்மா பேசியபடியே மருந்தைக் கலக்கினார். "சாப்பாட்டுலேருந்து வர்ற எலக்ட்ரான் செல்லுக்குள்ள கைமாறிக் கைமாறி ஆக்சிஜன்கிட்ட போய்ச் சேரணும். அந்தக் கடைசிக் கையை சயனைடு கட்டிப்போட்டுடுச்சு."

அண்ணனுக்கு நன்றாகவே புரிந்தது. முலாம் தொட்டியிலும் கரண்ட் கம்பி விட்டுப்போனால் எலக்ட்ரான் வராது. கரைசல் முழுக்க வெள்ளி இருந்தும் உள்ளே தொங்கும் கரண்டியில் ஒரு பொட்டுகூட ஒட்டாது.

சிவப்பு மருந்து குழாயில் இறங்கியது. வலிப்பு நின்றது. அது நல்லதற்கா கெட்டதற்கா என்று யாரும் சொல்லவில்லை. அண்ணன் கட்டிலை ஒட்டி நின்றான்.

"சும்மா நிக்காதீங்க, அவர்கிட்ட பேசுங்க!" என்றார் டாக்டரம்மா.

என்னத்தைப் பேசுவது? குனிந்து, தம்பியின் காதோரம் பட்டறைக் குரலில் கத்தினான்: "டேய், ஊத்தறேன்!"

அழுதுகொண்டே மறுபடி கத்தினான். நர்ஸ் முறைத்தார். மறுபடியும் கத்தினான்.

தம்பியின் உதடு அசைந்தது.

"பாத்து... ஊத்து."