வயிற்றில் தைத்த கை

லாரி உரசியது என்னவோ கண் சிமிட்டும் நேரம்தான். தையற்காரர் வண்டியோடு சுவர்ப் பக்கம் சாய்ந்தார். வலது கை லாரிக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. எலும்புகள் தப்பின. புறங்கைத் தோல் தப்பவில்லை. மணிக்கட்டிலிருந்து விரல் முட்டிவரை உரித்த பழம் மாதிரி ஆகிவிட்டது.

சாதாரணக் கையா அது? அந்தக் கை வெட்டிய கோட்டை ஒரு கொடிக்கம்பத்துக்கு மாட்டிவிட்டால் போதும், கம்பத்துக்கே மேனேஜர் களை வந்து, போகிற வருகிறவர்களெல்லாம் வணக்கம் வைப்பார்கள். நகரத்தில் பாதி ஆண்கள் தொப்பை இல்லாதவர்களாக நடமாடியதே அதன் தயவில்தான்.

ஆஸ்பத்திரியில் முதலில் அழுக்கையும் செத்த சதையையும் சுத்தமாக எடுத்தார்கள். மறுமுறை கட்டைப் பிரித்தபோது தையற்காரர் துணிந்து எட்டிப் பார்த்தார். விரல்களை இழுக்கிற நாண்கள் வெள்ளை நாடாக்கள் போலப் பளபளத்தன.

"தொடையில கொஞ்சம் தோலைச் சீவி ஒட்டிடுங்களேன், டாக்டர்" என்றான் மைத்துனன். கடை வேலைக்கு ஆள் தேடினால் மட்டும் காணாமல் போகிறவன், யோசனை சொல்ல முதல் ஆளாக நிற்பான்.

டாக்டரம்மா திரும்பிப் பார்த்தார். ஆள் ஐந்தடிகூட இல்லை. ஸ்டூல் போட்டு ஏறி நின்றுதான் ஆபரேஷன் செய்வாராம். குரல் மட்டும் ஏழடி.

"வெறும் தோல் இதுல பிடிக்காது, தம்பி. அடியில ரத்தம் ஓடுற சதை இருந்தாத்தான் பிடிக்கும். இங்க எலும்பும் நாணும்தான் இருக்கு. அதனால தோலு, கொழுப்பு, ரத்தக் குழாய் எல்லாம் சேர்ந்த ஒரு துண்டை அடிவயித்து ஓரத்துல கிளப்பப் போறேன். ஆனா முழுசா வெட்டி எடுக்க மாட்டேன். ஒரு முனை வயித்தோடவே இருக்கும். கையைக் கொண்டுபோய் அங்க வெச்சுத் தைச்சிடுவேன்."

"கையை வயித்துலயா?" மனைவி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

"மூணு வாரம்தாம்மா. அதுக்குள்ள கைப் பக்கத்துலேர்ந்து புது ரத்தக் குழாய் துண்டுக்குள்ள வளர்ந்துடும். அப்புறம் வயித்துப் பக்கம் வெட்டி விட்டுடலாம்."

"வளரலேன்னா?" என்றார் தையற்காரர்.

"துண்டு செத்துடும். நாண் காஞ்சிடும். விரல் மடங்காது. துணி வெட்டுறதை மறந்துட வேண்டியதுதான்." டாக்டரம்மா பூசி மெழுகுகிற ஆள் இல்லை.

அடுத்து அவர் செய்த காரியத்தில் தையற்காரருக்கு வலியே மறந்துபோயிற்று. ஒரு துண்டுக் கட்டுத்துணியைக் காயத்தின்மேல் வைத்து, காயத்தின் வடிவத்துக்கே கத்தரித்தார். பேட்டர்ன்! அதை இடுப்போரத்தில் வைத்து, கையை அங்கே கொண்டுவந்தால் எட்டுகிறதா, முறுக்கிக்கொள்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடம் வலம் மாறிவிடப்போகிறது என்று தையற்காரர் வாயைத் திறப்பதற்குள் துணியைப் புரட்டி வைத்தாயிற்று. சரி, சுருங்குமே, ஓரத்துக்கு விடவேண்டாமா என்று அடுத்த குறையைத் தயார் செய்தார். டாக்டரம்மாவின் பேனா அதற்குள் துணியைவிட ஒரு சுற்று பெரிதாகவே கோடு போட்டிருந்தது.

"என்னங்க, அப்படி முழிக்கிறீங்க?" என்றாள் மனைவி.

"குத்தம் கண்டுபிடிக்கலாம்னு பார்த்தேன்டி. ஒண்ணும் சிக்கலை."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. புறங்கையை வயிற்றுத் துண்டு மூடியிருந்தது; துண்டின் ஒரு முனை வயிற்றோடு இருந்தது; கை இடுப்போரத்தில் ஜம்மென்று குடியேறியிருந்தது.

மைத்துனனுக்குக் கொண்டாட்டம். "மாமா, ஓட்டல் பில்லு வந்தா பாக்கெட் பக்கமே கை போகாது உங்களுக்கு. இப்ப அங்கேருந்து எடுக்கவே மாட்டேங்கிறீங்க!"

"மாப்ளே, இன்னொரு கை சும்மாத்தான் இருக்கு. பக்கத்துல வா."

உண்மையில் அந்த இன்னொரு கைதான் வினை. படுத்துக் கிடந்தவருக்குத் தையல் வரிசை கண்ணில் பட்டது. அழகான தையல். ஆனால் ஒவ்வொரு முடிச்சிலும் இரண்டு கறுப்பு நூல் முனைகள் மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. பிசிறு! பிசிறு வெட்டாமல் ஒரு கைக்குட்டையைக்கூட வெளியே அனுப்பாத மனிதர். அவ்வளவு நல்ல டாக்டர், ஃபினிஷிங்கில் கோட்டை விட்டுவிட்டாரே என்று அவருக்கு மனசே ஆறவில்லை. மனைவி டீ வாங்கப் போன சமயம், அவள் பையிலிருந்த நகவெட்டியை இடது கையால் எடுத்தார். டக். டக். டக். முடிச்சோடு ஒட்ட, சுத்தமாக, ஒரு பக்கம் முழுக்க.

பிறகு தும்மினார். அவர் தும்மல் சாமானியமல்ல. எதிர்க் கட்டில்காரர் தலையணையைப் பிடித்துக்கொண்டார். முடிச்சுகள் நழுவின, ஓரம் வாய் பிளந்தது, முழங்கை சரிந்தது, வயிற்றிலிருந்து வந்த துண்டின் அடிப்பகுதி முறுக்கிக்கொண்டது. இளஞ்சிவப்பாக இருந்த சதை மெல்லக் கத்திரிப்பூ நிறத்துக்குப் போயிற்று. எதேச்சையாக வந்த நர்ஸ் அதை விரலால் ஒருதரம் அழுத்திப் பார்த்தார். பார்த்தவர் ஓடினார்.

டாக்டரம்மா வந்த வேகத்தில் கதவு இரண்டு முறை அடித்துக்கொண்டது. முழங்கையைத் தூக்கித் தலையணை கொடுத்தார், முறுக்கை நீக்கினார், கையை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றார். சுவர்க் கடிகாரம்கூட முள்ளை நகர்த்தலாமா என்று அவரிடம் அனுமதி கேட்டிருக்கும். கத்திரிப்பூ வெளுத்தது. ஓரத்தில் ஒரு சிவப்பு எட்டிப் பார்த்தது. பிறகு தைரியமாக உள்ளே வந்தது.

"யாரு வெட்டினது?"

"பிசிறு நீட்டிக்கிட்டு இருந்துச்சு, டாக்டர்..." தையற்காரரின் குரல் ஊசிக் காதில் நுழையும் அளவுக்கு மெலிந்திருந்தது.

"பிசிறா? நைலான் வழுக்கும்யா! முடிச்சு நழுவாம இருக்கத்தான் நீளமா விட்டிருக்கேன். உங்க கடைக்கு வந்து உங்க கோட்டுல நான் கத்திரி வெச்சா சும்மா இருப்பீங்களா?"

"கையை முறிச்சிருப்பேன், டாக்டர்."

"நான் ஒட்டவெச்சிக்கிட்டு இருக்கேன். அதான் வித்தியாசம்." நர்ஸ் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மரத்துப்போக ஊசி போட்டு, பிளந்த ஓரத்தை அங்கேயே திரும்பத் தைத்தார். வளைந்த ஊசி, விரல் அதைத் தொடவே இல்லை, இடுக்கிதான் பிடித்தது. தோலின் ஓரத்தோடு ஓரம் மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது. உலகத்தில் தன்னைவிட நல்ல தையல் உண்டு என்று ஒருநாளும் ஒப்புக்கொள்ளாதவர், திறந்த வாயை மூடாமல் பார்த்தார்.

டாக்டரம்மா போனதும் பெருமூச்சு விட்டார். "இவங்க மட்டும் நம்ம கடையில வேலைக்குச் சேர்ந்திருந்தா..."

"உங்ககிட்டயா? பட்டன் தைக்கவே ஆறு மாசம் விட்டிருக்க மாட்டீங்க" என்றாள் மனைவி. சொல்லிக்கொண்டே அவர் இடது கைக்கு ஒரு காலுறையை மாட்டி முடிச்சுப் போட்டாள். நர்ஸின் உத்தரவு. மிச்ச நாளெல்லாம் அது கழலவில்லை.

மூன்றாவது வாரம் சோதனை. துண்டின் அடிப்பகுதியை ரப்பர்க் குழாயால் இறுக்கி, வயிற்று ரத்தத்தை நிறுத்தினார்கள். இனிக் கையின் ரத்தத்தில்தான் அது பிழைக்க வேண்டும். தையற்காரர் கண்ணை மூடிக்கொண்டார். மனைவி மூடவில்லை.

"என்னடி கலரு?"

"சிவப்புதாங்க."

"நல்லாப் பாரு. கத்திரிப்பூ இருக்கா?"

"உங்க மூக்குதான் அந்தக் கலர்ல இருக்கு. கை சிவப்பு."

டாக்டரம்மா அழுத்தி எடுத்தார். வெளுத்த இடத்தில் சிவப்பு ஓடி வந்து நின்றது. "சொந்தக் கால்ல நிக்குது. வெட்டிடலாம்."

விடுதலையான கை பூரித்த பன் போல இருந்தது. தையற்காரர் அதைத் திருப்பிப் பார்த்தார். "டாக்டர், கொஞ்சம் லூஸா இருக்கே?"

"ஆல்ட்டரேஷனுக்கு ஆறு மாசம் கழிச்சு வாங்க. கொழுப்பைக் குறைச்சு அளவாப் பிடிச்சுடலாம். அதுவரைக்கும் நீங்க தொந்தி போட்டா கையும் தொந்தி போடும். வயித்துச் சதை, பழசை மறக்காது."

வாடிக்கையாளர்களை வாழ்நாளெல்லாம் காக்க வைத்தவர், காத்திருக்கச் சொன்னதற்குக் கைகூப்பினார். விரல்கள் முழுக்க மடங்கவில்லை; ஆனால் மடங்கின. பிறகு பஞ்சுப் பந்தைப் பிசைவதும் விரலை நீட்டி மடக்குவதுமாக வீடே பயிற்சிக்கூடமாயிற்று.

கடை மறுபடி திறந்த அன்று, தன் பேன்ட் துணியைக் கொடுத்துத் தியாகியானான் மைத்துனன். தையற்காரர் சாக்பீஸால் கோடிழுத்து, கத்தரியை வைத்தார். கரக், கரக் என்று அந்தப் பன் கை நகர்ந்தது. கடைசிவரை வெட்டியது. மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் மட்டும் குனிந்து பார்த்தார். ஓர் இடத்தில் நூலிழை அளவு கோடு விலகியிருந்தது.

"யாருக்குமே தெரியாதுங்க."

"டாக்டரம்மாவுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, சாக்பீஸை எடுத்துப் பக்கத்தில் புதுக்கோடு ஒன்று போட்டார்.