சொல்லிகினு போ

புற்று வந்த நோரீனின் குரல்வளையை எடுத்துவிடுவது என்று டாக்டர்கள் முடிவு செய்தது இரண்டாயிரத்து மூன்றில். அயர்லாந்துக்காரி. சொந்தமாகப் பாட்டுக் கட்டி, கிதாரோடு தனியாகப் பாடி, அவள் ஊரில் பேர் வாங்கியவள். பிறகு மாமல்லபுரத்தில் கடலோரம் வீடு பிடித்துத் தங்கிவிட்டாள். "அறுக்கறதுக்கு முன்னாடி ஒரு ஆல்பம் பாடிட்றேன், வசு. வந்து ரெக்கார்டு பண்ணு" என்றாள். கேளம்பாக்கத்தில் மொபைல் கடைக்கு மேலே பக்திப் பாட்டு பதிவு செய்துகொண்டிருந்த நான், மைக்கையும் கம்ப்யூட்டரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன்.

அவள் தமிழ் மீன் மார்க்கெட் தமிழ். எதிர்வீட்டு அப்பாசாமி செத்தபோது துக்கத்துக்குப் போனவள், கிளம்பும்போது வாசலில் நின்று கும்பிட்டு, "போய்ட்டு வரேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டாள். அவளுக்குச் சமைக்கும் அஞ்சலைதான் இடுப்பைக் கிள்ளி, "ஐயோ, சாவு வூட்ல சொல்லிகினு கெளம்பக் கூடாதும்மா, பேசாம வந்துடணும்" என்று இழுத்து வந்தாள். இதைச் சொல்லிச் சொல்லி நோரீனே சிரிப்பாள்.

ஆல்பம் கம்பெனியின் சென்னை ஆள் ஸ்ரேயாஸ். ஒவ்வொரு பாட்டிலும் உச்சத்துக்குப் போகும்போது நோரீனின் குரல் உடைந்தது. அவனுக்கு அது பிடிக்கவில்லை.

"வாய்ஸ மட்டும் தனியா குடுங்க, வசுமதி. உடைஞ்ச எடத்துல லண்டன்ல ஒரு பொண்ணு பாடிடுவா. யாருக்கும் தெரியாது" என்றான்.

"எனுக்குத் தெரியும்டா" என்றாள் நோரீன்.

அவன் சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் குரலைத் திருத்த ஒப்பந்தத்தில் அவனுக்கு உரிமை இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கடைசிப் பாட்டு மட்டும் பாக்கி. அன்று குரல் எழும்பவே இல்லை. இருமினாள், தண்ணீர் குடித்தாள், மறுபடி இருமினாள். "போதும், இருக்கறத வெச்சுப் பாத்துக்கலாம்" என்று என்னிடம் முணுமுணுத்துவிட்டு ஸ்ரேயாஸ் வெளியேறினான். அஞ்சலை முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி கூடையோடு நழுவினாள். நானும் பையை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடினேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பயம்.

கிதார் பலகையில் ஓங்கி ஒரு தட்டு. திரும்பினேன். நோரீன் முகம் சிவந்து நின்றாள்.

"இன்னாடி, சாவு வூடா இது? ஒருத்தரும் சொல்லிகினு போவல! நான் இன்னும் உசுரோட கீறேன்! சொல்லிகினு போ!"

வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிடக் கோபம். பையை வீசினேன். வாய்க்கு ஒரு மைக், கிதாருக்கு ஒரு மைக் என்று வைத்திருந்தேன். அப்படிப் பிரித்து வைத்தால்தான் குரலைத் தனியே எடுத்து ஒட்டுப்போட முடியும். ஒன்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மற்றதை வாய்க்கும் கிதாருக்கும் நடுவில் நிறுத்தினேன்.

"பாடும்மா. ரெண்டும் ஒண்ணா வுழும். இனிமே எந்தக் கொம்பனாலயும் பிரிக்க முடியாது."

"அப்ப பழசு?"

"அழிச்சுட்றேன்."

"அழி! மொதப் பாட்டுலேர்ந்து வரேன்."

அழித்தேன். பொழுது சாயும்வரை பாடினாள். எல்லாப் பாட்டிலும் குரல் உடைந்தது, கரகரத்தது, ஒரு இடத்தில் வெறும் காற்றுதான் வந்தது. நிறுத்தவில்லை. கடைசிப் பாட்டு முடிந்து தந்தி அதிர்ந்துகொண்டிருக்கும்போதே மைக் பக்கம் குனிந்து, "வரேன்" என்றாள்.

ஸ்ரேயாஸ் கேட்டுவிட்டுக் குதித்தான். "அந்தக் கடைசி வார்த்தையாவது கட் பண்ணுங்க!"

"தந்தி சத்தத்து மேலயே கீது சார். வெட்னா ரெண்டும் போய்டும்" என்றேன். அதற்குள் அவளை ஆபரேஷனுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். திரும்பப் பாட வைக்க வழியில்லை. அப்படியே வெளியிட்டார்கள்.

டிஸ்க்கைக் கொடுக்க அவனே வந்தான். கழுத்துக் கட்டோடு உட்கார்ந்திருந்தவளின் எதிரே உட்கார்ந்து அதை நீட்டினான். பிறகு சத்தமில்லாமல் எழுந்து வாசலுக்கு நடந்தான்.

கிதாரில் ஓங்கி ஒரு தட்டு. திடுக்கிட்டுத் திரும்பினான்.

"சொல்லிகினு போங்க சார்" என்றேன்.

"போ... போய்ட்டு வரேன்மா" என்றான்.

நோரீன் தலையாட்டி அவனைப் போக விட்டாள்.