நிரப்பாத பீப்பாய்

விடுதிக்காரர் போனில் சொன்னது மூன்று பேர். ஒரு பிரெஞ்சு ஜோடி, தனியாக ஒரு அமெரிக்கக்காரர். மலை நடைக்கு வழிகாட்டியான இல்டா வழக்கம்போல ஊர் முகப்பில் தொப்பியும் கழுத்துத் துண்டுமாகக் காத்து நின்றாள். ஜீப்பிலிருந்து முதலில் ஜோடி இறங்கியது. அப்புறம் அமெரிக்கக்காரர் இறங்கினார். கறுப்புக் கண்ணாடி, கடையிலிருந்து அப்படியே வந்த மலையேறும் பூட்ஸ், இரண்டு கையிலும் ஊன்றுகோல். "நல்வரவு" என்று கையை நீட்டிய இல்டா, நீட்டிய கையோடு நின்றுவிட்டாள். கண்ணாடியைக் கழற்றிய ஆள் அவளுடைய தம்பி வால்டிர்.

"கத்திராதக்கா. அவங்க பாக்கறாங்க."

"எரும! சொந்த வீட்டுக்கு டூர் புக் பண்ணிட்டு வந்தவன் இந்தத் தீவுலயே நீ ஒருத்தன்தான்டா. இதுல கைக்கு ஒரு குச்சி வேற. ஆடு மேய்க்கும்போது எந்தக் குச்சிடா ஊனிட்டு ஏறின?"

"நேரா வீட்டுக்கு வந்தா அப்பா கதவச் சாத்திருவாரு. டூர்ல வந்தா சாத்த முடியாதுல்ல? நடை முடிஞ்சதும் வந்தவங்க எல்லாருக்கும் அவர்தான ஒயின் ஊத்தறாரு?" அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. "அம்மாவோட பீப்பாய் இன்னும் இருக்குல்ல? அதுல ஒரு வாய். அது போதும்க்கா. அப்புறம் அவர் அடிச்சாலும் வாங்கிக்கறேன்."

"இருக்கு" என்றாள் இல்டா. உடனே பிரெஞ்சுக்காரர்கள் பக்கம் திரும்பி, தண்ணீர் பாட்டில் நிறைந்திருக்கிறதா என்று கேட்டாள்.

எங்கள் ஷா கிராமத்துக்காரர்களைக் கிறுக்கர்கள் என்று ஃபோகு தீவு முழுக்கச் சொல்வார்கள். சொல்லட்டும், அதில் தப்பில்லை. எரிமலையின் வாய்க்குள்ளேயே குடியிருந்து, கறுப்புச் சாம்பலில் குழி தோண்டித் திராட்சை வைக்கிற ஜாதி நாங்கள். மலை கோபித்துக்கொண்டு ஊரை விழுங்க வந்தால் கதவையும் ஜன்னலையும் பெயர்த்துத் தலையில் வைத்துக்கொண்டு ஓடுவோம். தீக்குழம்பு இறுகியதும், அடியில் சூடு ஆறுவதற்குள் அதே கதவோடு திரும்பி வந்து, அதன் முதுகிலேயே வீட்டைக் கட்டிக்கொள்வோம். எங்கள் வீடுகளில் தரைக்கு இன்னும் காய்ச்சல் இருக்கிறது. வெறுங்காலோடு நடந்தால் குளிர்காலத்தில் சுகமாகத்தான் இருக்கும்.

கடைசியாக மலை வெடித்த வருஷம் வால்டிர் அமெரிக்காவில் இருந்தான். ஊர் சுற்றிப் பார்க்க என்று விசா வாங்கிப் போய், அங்கேயே தங்கிவிட்டவன். அந்த அறுவடையில் அப்பா அர்மிந்துவுக்கு முழங்கால் வீங்கிக் கிடந்தது. தொட்டியில் இறங்கித் திராட்சையை மிதித்தது முழுக்க அம்மா தொமிங்காதான். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டே மிதித்தாள். தீக்குழம்பு தெருமுனைக்கு வந்த அன்று எல்லோரும் லாரியில் ஏறியாயிற்று, அவள் மட்டும் வாசலில் உட்கார்ந்துகொண்டாள். "என் பீப்பாய் ஏறட்டும். அப்புறம் நான் ஏறறேன்" என்றாள். கட்டிலை விட்டுவிட்டுப் பீப்பாயை ஏற்றினார்கள்.

கீழே அரசாங்கம் கொடுத்த வீட்டில் அவளுக்கு மூச்சு இளைக்க ஆரம்பித்தது. அடுத்த மழைக்கு அவள் இல்லை.

வால்டிர் வரவில்லை. வர முடியவில்லை என்பதுதான் சரி. தங்குவதற்கான காகிதம் இல்லாதவன் அமெரிக்காவிலிருந்து ஒரு காலை வெளியே எடுத்தால் மறுபடி உள்ளே வைக்க முடியாது. இதைச் சொன்னால் அர்மிந்துவுக்குப் புரியாமல் இல்லை, ஆனால் மனசில் ஏறவில்லை. கல்லறையில் பெட்டி இறங்கும்போது தம்பி பார்க்கட்டும் என்று இல்டா போனைத் தூக்கிப் பிடித்தாள். அப்பா வந்து உள்ளங்கையால் திரையை மூடினார். "வராதவனுக்கு என்ன வேடிக்கை?" என்றார். அன்றோடு அவன் பெயர் அந்த வீட்டிலிருந்து போயிற்று.

இப்போது காகிதம் கிடைத்துவிட்டது. முதல் விமானத்தைப் பிடித்து வந்துவிட்டான்.

நடை தொடங்கியது. சாம்பல் மேட்டில் கால் புதைய, முன்னால் இல்டா, அடுத்து ஜோடி, கடைசியில் வால்டிர். இங்கே திராட்சைக்குப் பந்தல் கிடையாது. குழிக்கு ஒன்றாகக் கொடிகள் தரையிலேயே படுத்துக் கிடக்கும். நடுவில் ஒரு அத்தி, ஒரு மாதுளை. குலைகள் கறுக்கத் தொடங்கியிருந்தன. பிரெஞ்சுக்காரி ஒவ்வொரு கொடிக்கும் குனிந்து படம் எடுத்தாள். அவள் புருஷன், மழையே இல்லாத இடத்தில் இது எப்படிப் பிழைக்கிறது என்று கேட்டான். பனியைக் குடித்துப் பிழைக்கிறது, சாம்பல் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று இல்டா வாய் பழகிய பதிலைச் சொன்னாள். மனசு பின்னால் வருகிறவனிடம் இருந்தது. புதுப் பூட்ஸ் கடித்து அவன் நொண்டிக்கொண்டு வந்தான்.

"கழட்டிப் போடுடா அத."

"டூரிஸ்ட்டு வெறுங்கால்ல வருவானா?"

"டூரிஸ்ட்டு அழுதுட்டே வருவானா?"

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "சாம்பல் பறக்குதுக்கா" என்றான்.

கறுப்புப் பாறைக்காடு வந்ததும் எல்லோரும் நின்றார்கள். இந்த இடத்தில் இல்டா தினமும் ஒரே வாசகத்தைச் சொல்வாள். 'உங்கள் காலுக்குக் கீழே ஒரு வீடு இருக்கிறது, அது என் வீடு.' கேட்கிறவர்கள் முகம் மாறும், சிலர் கையைப் பிடித்துக்கொள்வார்கள். சொல்லிச் சொல்லி அவளுக்கு அது மரத்துப்போயிருந்தது. இன்று 'என் வீடு' என்பது 'எங்கள் வீடு' என்று வாயில் வந்தது. வால்டிர் குனிந்து பாறையில் உள்ளங்கையை வைத்தான். இதைப் போனில் பார்த்திருக்கிறான், தொட்டதில்லை.

"சமையக்கட்டு எந்தப் பக்கம்?"

"நீ நிக்கற எடந்தான்."

அவன் ரெண்டடி தள்ளி நின்றான். அடுப்பை மிதித்துவிட்டவன்போல.

அப்போதாவது இல்டா பீப்பாயைப் பற்றி அவனிடம் சொல்லியிருக்கலாம். விஷயம் இதுதான்: மரப்பீப்பாய் சும்மா இருக்காது. உள்ளே இருக்கிற ஒயினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். குறைந்த இடத்தில் காற்று வந்து உட்காரும். காற்று உட்கார்ந்தால் ஒயின் காடியாகப் புளித்துவிடும். அதனால் குறைந்த அளவுக்கு வேறு ஒயினை ஊற்றிப் பீப்பாயைத் தளும்ப வைக்க வேண்டும். எங்கள் ஊரில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அடுத்த வீட்டான் நிரப்ப மறந்தால் அவன் வாசலில் நின்று திட்டுகிற ஆள் அர்மிந்து. அப்படிப்பட்டவர் தொமிங்காவின் பீப்பாயை மட்டும் ஒரு தடவைகூட நிரப்பவில்லை. அதுவும் அடியிலிருந்து சூடு ஏறுகிற தரையில் வைத்துக்கொண்டு. ஒருநாள் அவர் இல்லாதபோது இல்டா புனலும் குடமுமாகப் போய்த் தக்கையில் கை வைத்தாள். எங்கிருந்தோ வந்து நின்றார். திட்டவில்லை. புனலை மட்டும் அவள் கையிலிருந்து வாங்கி, வெளியே சாம்பலில் வீசினார். பீப்பாயில் இருப்பது என்னவென்று அவருக்குத் தெரியுமா, தெரியாததுபோல வாழ்கிறாரா என்பது இன்றுவரை அவளுக்கு விளங்கவில்லை. கேட்கவும் பயம்.

புது வீட்டுக்கும் அதே நீலக் கதவுதான். பழைய வீட்டிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்தது. அர்மிந்து கதவைத் திறந்து நின்றார், சுற்றுலாக்காரர்களுக்கென்று வைத்திருக்கிற வெள்ளைச் சட்டையோடு. ஜோடிக்குக் கை கொடுத்தார். மூன்றாவது ஆளைப் பார்த்தார். முகத்தில் ஒரு நரம்பு அசையவில்லை.

"வாங்க ஐயா, எங்க வீட்டுக்கு நல்வரவு" என்றார். பிரெஞ்சில்.

வால்டிருக்குப் பிரெஞ்சில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. அது அவருக்கும் தெரியும்.

மேசையில் ஆட்டுப் பாலாடைக்கட்டி, அத்திப்பழம், கண்ணாடிக் குவளைகள். அர்மிந்து போன வருஷத்து ஒயினை ஊற்றினார், வெள்ளை முதலில், சிவப்பு அப்புறம். ஒவ்வொன்றைப் பற்றியும் பிரெஞ்சில் விளக்கினார். மகன் முன்னால் குவளையை வைத்து, "இந்த ஐயாவுக்கு விளங்கலயே, எடுத்துச் சொல்லும்மா" என்று இல்டாவிடம் சொன்னார். பெற்ற தகப்பன் பேச்சைக் கூடப்பிறந்தவனுக்கு மொழிபெயர்க்கிற கொடுமை யாருக்கும் வரக்கூடாது. அவள் சொன்னாள். வெள்ளை மீனுக்கு நன்றாக இருக்கும், சிவப்பு கறிக்கு நன்றாக இருக்கும். வால்டிர் குனிந்த தலையோடு குடித்தான்.

"ஐயாவுக்கு வேற ஏதாவது வேணுமான்னு கேளு."

வால்டிர் நிமிர்ந்தான். அக்காவைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்து எங்கள் கிரியோல் பேச்சிலேயே சொன்னான். "அம்மா மிதிச்சது ஒரு வாய் வேணும்பா."

பிரெஞ்சுக்காரன் குவளையைப் பாதியில் நிறுத்தினான். மொழி புரியாவிட்டாலும் வீட்டுக்குள் ஏதோ நடக்கிறது என்று புரிந்துவிட்டது.

"அப்பா," என்றாள் இல்டா, "அது வேணாம்பா. அவனுக்கு வேற..."

அர்மிந்து எழுந்தார். மூலையில் துணி போர்த்தி வைத்திருந்த பீப்பாயிடம் போனார். துணியை எடுத்து மடித்தார், நாலு மூலையும் சரியாக. சின்ன மரச் சுத்தியால் தக்கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தட்டினார். தக்கை வந்த நொடியில் அறை முழுக்க நாற்றம் ஏறியது. கண் எரிந்தது. பிரெஞ்சுக்காரி கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு புருஷன் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனாள். நல்ல மனுஷி.

ரப்பர் குழாயை உள்ளே விட்டு ஒரு சின்னச் செம்பில் இழுத்தார். செத்தவர்களுக்கென்று முதல் கொஞ்சத்தைத் தரையில் ஊற்றுவது எங்கள் வழக்கம். ஊற்றினார். சூட்டுத் தரையில் அது நிற்கவில்லை, வாடை மட்டும் மேலே வந்தது. பிறகு குவளையில் ஊற்றி மகன் முன்னால் வைத்தார்.

வால்டிர் ஒரே மூச்சில் குடித்தான். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. குவளையை வைத்துவிட்டு, "நல்லாருக்குப்பா" என்றான்.

"பொய் சொல்லாத. நீ அர்மிந்து பெத்த பிள்ளை. காடிக்கும் ஒயினுக்கும் வித்தியாசம் தெரியாதா ஒனக்கு?"

தெரியும் என்று தலையை ஆட்டினான்.

"எனக்கும் தெரியும்டா." கிழவர் பீப்பாயில் சாய்ந்துகொண்டார். "நெரப்பியிருந்தா கெட்டிருக்காது. இவ புனலோட வந்தா, நாந்தான் தூக்கி எறிஞ்சேன். இந்த வருஷம் ஒரு குடம், அடுத்த வருஷம் ஒரு குடம்னு வேற ஒயின ஊத்திட்டே போனா, கடைசியில இதுல அவ எங்கடா இருப்பா? கொஞ்சங் கொஞ்சமாப் போயிருவா. நீ மண்ணு போடத்தான் வரல. வரும்போது அவ மிதிச்சது மட்டுமாவது ஒனக்கு இருக்கட்டும்னு வச்சேன்."

"எனக்கா வச்சீங்க?"

"பின்ன யாருக்கு? நான் குடிக்கவா?" தக்கையைக் கையில் உருட்டினார். "மொத வருஷம் வந்திருந்தா தேனா இருந்திருக்கும். அஞ்சாம் வருஷம்கூடப் பரவால்ல. மோந்து பாத்துட்டே இருந்தேன்டா. அது புளிச்சத ஒவ்வொரு நாளாப் பாத்தேன்."

இத்தனை காலம் அவன் பெயரைச் சொல்லாத மனுஷன் அவனுக்காகவே ஒரு பீப்பாயைக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் இல்டாவுக்கு அது தெரியவில்லை. அவள்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. போனில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லி என்ன, அவன் எப்படி வந்திருப்பான்? காகிதம் கிடைத்து இன்னும் ரெண்டு வாரம்கூட ஆகவில்லை.

வால்டிர் குவளையை மறுபடி நீட்டினான்.

"வேணாம்டா. வயிறு புண்ணாயிரும்."

"ஊத்துங்கப்பா."

"சொன்னாக் கேளு."

"அம்மாவ இன்னும் கொஞ்சம் ஊத்துங்கப்பா."

அர்மிந்து ஊற்றினார். இல்டா அலமாரியிலிருந்து இன்னும் இரண்டு குவளைகளை எடுத்துக்கொண்டு வந்து வைத்தாள். அவற்றிலும் ஊற்றினார். இதுவரை அந்தப் பீப்பாயிலிருந்து ஒரு சொட்டு நாக்கில் வைக்காதவர், தன் குவளையை எடுத்து உதட்டில் வைத்தார். தொண்டை எரிய எரிய மூன்று பேரும் அடிவரைக்கும் குடித்தார்கள்.